டயர் தானாக வெடிப்பதில்லை

(லாரி, வேன் ஓட்டும் தோழர்களும், சைக்கிளில் வேலைக்குப் போகும் மில், பட்டாசு, விவசாயத் தொழிலாளர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு டயரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னதும் சிலர் சிரித்தார்கள். கூலி இருக்கிறது, போனஸ் இருக்கிறது, வேலை நேரம் இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு டயருக்கு ஒரு கூட்டமா என்று கேட்டார்கள். கேட்கட்டும். ஆனால் இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் டயரின் மேல் ஏறாமல் வந்தவர் எத்தனை பேர்? மில் ஷிப்டுக்குப் போகிறவருக்குச் சைக்கிள். வெம்பக்கோட்டையிலும் ஏழாயிரம்பண்ணையிலும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கு வேன். களை எடுக்கவும் மிளகாய்ப் பழம் எடுக்கவும் போகிற பெண்களுக்குக் குட்டியானை. நம் கை செய்த சரக்கு வடக்கே போவதற்கு லாரி. எல்லாம் நாலு விரல் அகல ரப்பரின் மேல்தான் ஓடுகிறது.

பத்திரிகையில் அடிக்கடி ஒரு செய்தி பார்க்கிறோம். "டயர் வெடித்து வேன் கவிழ்ந்தது" என்று முதல் வரி. "டிரைவர் மீது போலீசார் வழக்குப் பதிவு செய்தனர்" என்று கடைசி வரி. இந்த இரண்டு வரிக்கும் நடுவே வர வேண்டிய வரிகள் வருவதே இல்லை. அந்த டயர் எந்த வருஷத்து டயர்? யார் வாங்கிப் போட்டது? பத்துப் பேர் ஏற வேண்டிய வண்டியில் எத்தனை பேரை ஏற்றச் சொன்னது யார்? இந்தக் கேள்விகளைக் கேட்காமல், இடி விழுந்தது மாதிரி, டயர் தானாக வெடித்தது என்று எழுதிவிடுகிறார்கள். டயர் தானாக வெடிப்பதில்லை, தோழர்களே. அது பல நாளாக வெந்து, பல நாளாக நைந்து, ஒரு நாள் வெடிக்கிறது. அந்தப் பல நாட்களில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒரு விஷயம். வண்டியின் பாரத்தைத் தூக்குவது எது? ரப்பர் என்று சொல்வீர்கள். இல்லை. காற்றுதான் தூக்குகிறது. ரப்பரும் அதற்குள் பின்னியிருக்கிற நூலும் கம்பியும் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கிற பை, அவ்வளவுதான். 1845ல் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த யோசனையைக் கண்டுபிடித்துப் பதிவு செய்தார். அன்றைக்கு யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. 1888ல் பெல்பாஸ்ட் நகரத்து மிருக வைத்தியர் டன்லப் அதையே மறுபடி கண்டுபிடித்து, தன் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிளில் மாட்டினார். ஆக, காற்றடித்த டயர் முதலில் ஓடிப் பேர் வாங்கியது சைக்கிளில்தான். மோட்டார் பிற்பாடுதான் வந்து சேர்ந்துகொண்டது. சைக்கிள்காரர்கள் இதைக் கொஞ்சம் பெருமையாகவே வைத்துக்கொள்ளலாம்.

காற்றுதான் பாரத்தைத் தூக்குகிறது என்றால், காற்றுக் குறைந்தால் என்ன ஆகும்? டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிரும். ஒரு கம்பியைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியுமாக வளைத்துப் பாருங்கள். வளைகிற இடம் சுடும். அதே சங்கதிதான். காற்றுக் குறைந்த டயர் மைல் கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே சூடேறுகிறது. ரப்பருக்கும் நூலுக்கும் உள்ள பிடிப்பு விடுகிறது. பாரம் கூடினாலும் இதே கதி. வேகம் கூடினாலும் இதே கதி. சித்திரை வெயிலில் சாத்தூரைத் தாண்டி நாலுவழிச் சாலையில் தார் இளகிக் கிடக்கிறபோது, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் காற்று உப்பி டயர் வெடித்துவிடும், ஆகவே காற்றைக் குறைத்து ஓட்ட வேண்டும் என்று நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம். வழியில் நிறுத்தி, சூடாக இருக்கிற டயரிலிருந்து கொஞ்சம் காற்றைப் பிடுங்கி விடுகிறோம். இது நெருப்பில் நெய்யை ஊற்றுகிற வேலை. ஓடும்போது காற்றின் அழுத்தம் ஏறுவது இயல்பு. அதையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனிக்காரன் அளவு சொல்லியிருக்கிறான். சூட்டில் பிடுங்கி விட்டால், குளிர்ந்த பிறகு தேவைக்குக் குறைவாகத்தான் இருக்கும். குறைந்தால் மடங்கும். மடங்கினால் சூடு. பிடுங்கினவன் சூட்டைக் குறைப்பதாக நினைத்துச் சூட்டை ஏற்றி வைக்கிறான். காற்றைக் காலையில், வண்டி நகருவதற்கு முன்னே அளந்து பார்க்க வேண்டும். லாரி டயரில் நூறு பவுண்டுக்கு மேல் வேண்டியிருக்கிறது. அதைக் காலால் உதைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கிறேன் என்பது வீம்பு. ஒரு காற்றுமானி வாங்க முதலாளிக்கு முடியாதா?

லாரியின் பின்னால் ஒரு பக்கத்துக்கு இரட்டை டயர். அதில் உள் டயரில் காற்றுப் போய்விட்டால் வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. வெளி டயர் இரண்டு ஆள் சுமையைத் தனியாகச் சுமந்துகொண்டு ஓடும். உள் டயர் சும்மா இருக்குமா? துவண்டு தொங்கி, பக்கத்து டயரோடும் தரையோடும் தேய்ந்து தேய்ந்து புகையும். பல மைல் தாண்டித்தான் தீப்பிடிக்கும். பழைய கிளீனர்கள் டீக்கடையில் நிறுத்தினதும் ஓர் இரும்புத் தடியை எடுத்து ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு போவார்கள். காற்று நிறைந்ததில் தடி துள்ளித் திரும்பும், கணீரென்று சத்தம். காற்றுப் போனதில் பொத்தென்று விழும். பிறகு புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் அதில் ஏதோ கோளாறு. இரட்டை டயருக்கு இடையில் சிக்கின கல்லையும் அப்போதே நெம்பி எடுப்பார்கள். இதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். இப்போதோ பல லாரிகளில் கிளீனரே கிடையாது. ஒற்றை ஆளாக டிரைவரை அனுப்பிவிட்டு, எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று செல்போனில் மணிக்கொரு தரம் விரட்டுகிறார்கள். ஐந்து நிமிஷம் எங்கிருந்து வரும்?

அந்த லாரியில் இருப்பது உப்பா, பருப்பா? விருதுநகரிலிருந்து மிளகாய் வற்றலும் பருப்பும் ஏற்றிப் போகிற லாரியில் டயர் எரிந்தால் லாரி போகும், சரக்குப் போகும். சிவகாசியிலிருந்து தீபாவளிக்கு முந்தின மாதங்களில் வடக்கே போகிற லாரியில் டயர் எரிந்தால்? 2016 அக்டோபரில் சிவகாசியிலேயே வண்டியில் பட்டாசு ஏற்றுகிறபோது தீப்பிடித்து, பக்கத்து ஸ்கேன் நிலையத்தில் இருந்தவர்கள் புகையில் மூச்சுத் திணறிச் செத்ததை மறந்திருக்க மாட்டோம். அதற்குக் காரணம் டயர் அல்ல. ஆனால் பட்டாசு வண்டியில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆகவே பட்டாசு ஏற்றுகிற டிரைவர் தோழர்களுக்கு அழுத்தமாகச் சொல்லுகிறோம். உள் டயரில் காற்றில்லை என்று தெரிந்தால், அடுத்த ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். புகை கண்டால், வீடும் பெட்ரோல் பங்கும் இல்லாத வெட்டவெளியில் நிறுத்துங்கள். தீ டயரோடு நிற்கிற வரையில் தண்ணீரை நிறைய ஊற்றலாம். தண்ணீர் இல்லாவிட்டால் மண்ணை அள்ளிப் போடலாம். அணைந்துவிட்டது என்று திரும்பிப் போகக் கூடாது. டயர்த் தீ உள்ளே கனன்றுகொண்டிருந்து மறுபடி பற்றும். சரக்கில் தீ பட்டுவிட்டதோ, அதற்கு மேல் அணைக்கிற வேலை நமக்கு இல்லை. வேடிக்கை பார்க்க வருகிற ஜனங்களையும் விரட்டிக்கொண்டு ஓட வேண்டும். லாரியும் சரக்கும் இன்ஷூரன்ஸில் வரும். ஆள் வரமாட்டான்.

இப்போது டயரைத் தேர்ந்தெடுப்பது பற்றி. லாரி டிரைவரைக் கேட்டால், "நாங்களா தேர்ந்தெடுக்கிறோம்? போட்டுக் கொடுத்ததை ஓட்டுகிறோம்" என்பார். உண்மை. ஆனால் போட்டுக் கொடுத்தது என்ன என்று படித்துப் பார்க்க யார் அனுமதியும் வேண்டாம். டயரின் பக்கவாட்டில் ஓர் ஓரமாக நாலு இலக்கம் இருக்கும். 2319 என்று இருந்தால், 2019ம் வருஷம் 23வது வாரத்தில் செய்தது. ரப்பர் ஓடினாலும் தேயும், ஓடாமல் கிடந்தாலும் வயதாகும். வெயிலில் கிடந்தால் சீக்கிரமே வெடிப்பு விடும். பட்டன் தேயாமல் புதிது மாதிரி இருக்கிறதே என்று பத்து வருஷத்து டயரை மலிவாக வாங்கி, ஆட்களை ஏற்றுகிற வேனில் மாட்டுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். பழைய டயர் விற்கிற இடங்களில் இன்னொரு ஜாலமும் உண்டு. மொட்டையாகிப் போன டயரில் சூடான கத்தியால் கோடு கோடாகக் கீறி, கறுப்புப் பூசி வைத்துவிடுவார்கள். பள்ளத்தில் விரலை விட்டுப் பாருங்கள். அடியில் நூல் தட்டுப்பட்டால் அது டயர் அல்ல, எமன்.

கார், வேன் டயருக்கு 1.6 மில்லிமீட்டர் பள்ளமாவது இருக்க வேண்டும். அந்த மட்டத்தில் பள்ளத்துக்குள்ளே சின்ன மேடு வைத்தே டயரை வார்க்கிறார்கள். பட்டன் தேய்ந்து மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அந்த மேடு கண்ணுக்குப் படவில்லையென்றால் நம் ஊர்க் கருவி ஒன்று இருக்கிறது. ஒரு தீக்குச்சியைத் தலைகீழாகப் பள்ளத்தில் வையுங்கள். மருந்துத் தலை முழுவதும் மறையவில்லை என்றால் டயரை மாற்றுகிற காலம் வந்துவிட்டது. தோராயமான அளவுதான், ஆனால் ஆளை ஏமாற்றாது. (பட்டாசு ஏற்றின வண்டிப் பக்கத்தில் இந்தப் பரீட்சை வேண்டாம்!)

ரீட்ரெட் டயர் என்றாலே கெட்டது என்று சொல்ல மாட்டோம். யுத்த காலத்தில், 1942ல் மலேயா ஜப்பான் கையில் விழுந்து ரப்பர் வரத்து நின்றுபோனபோது, தேய்ந்த டயருக்கு மேல்பட்டை போட்டுப் போட்டுத்தான் பஸ்கள் ஓடின. மதுரை டி.வி.எஸ். கம்பெனி கரிவாயு பிளாண்ட் செய்ததோடு ரீட்ரெட் தொழிலிலும் இறங்கியது அப்படித்தான். டயரின் உடல் நன்றாக இருந்து, வேலையும் ஒழுங்காக நடந்திருந்தால் பின் சக்கரத்துக்கு அது தாங்கும். முன் சக்கரத்தில் மட்டும் கூடாது. பின்னால் இரண்டில் ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். முன்னால் போனால் ஸ்டீயரிங் நம் கையில் இல்லை. இது டிரைவர்களே ரத்தம் சிந்திக் கற்ற விதி.

ரேடியல் டயர் வேண்டுமா, பழைய நைலான் டயர் வேண்டுமா என்று சொந்தமாக ஒரு வண்டி வைத்து ஓட்டுகிற தோழர்கள் கேட்கிறார்கள். ரேடியல் சூடு குறைவாக ஏறும், கூடுதல் கிலோமீட்டர் ஓடும், டீசலும் கொஞ்சம் மிச்சம். ஆனால் பக்கச் சுவர் மெலிசு. கல்குவாரிப் பாதையில் கிழிபடும். அதிக பாரத்தைப் பொறுக்காது. இத்தனை காலம் நைலான் டயரையே பல முதலாளிகள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு இதுதான் உள்காரணம். அது மட்டுமீறிய பாரத்தையும் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும், நம் ஆட்களைப் போல!

பாரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் லாரிகளின் எடை வரம்பைக் கூட்டியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன் இருந்தது 18.5 டன் ஆயிற்று. நேற்றுவரை அதிக பாரம் என்று அபராதம் விதிக்கப்பட்டது, இன்று சட்டப்படி சரியான பாரம் ஆயிற்று. அதே ரோடு, அதே பழைய லாரி, பல வண்டிகளில் அதே பழைய டயர். டிரைவரின் சம்பளம் மட்டும் அந்த 2.3 டன்னுக்காக ஏறியதா? கேட்டுப் பாருங்கள்.

"ஐயா, டயர் விலை என்ன தெரியுமா? மாற்று மாற்று என்றால் எங்கே போவது?" என்று சின்ன முதலாளிகளும் சொந்த வண்டிக்காரர்களும் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பலில் பாதி நியாயம் இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 31ல் இந்தியப் போட்டி ஆணையம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. எம்.ஆர்.எப்., அப்பல்லோ, சியட், ஜே.கே., பிர்லா ஆகிய ஐந்து டயர்க் கம்பெனிகளும், தங்கள் சங்கத்தின் மூலமாக விலை விவரங்களைப் பரிமாறிக்கொண்டு, 2011, 2012 ஆண்டுகளில் ஒன்றுகூடி விலையை ஏற்றின என்று அது தீர்மானித்தது. எந்த டயருக்கு? லாரிக்கும் பஸ்ஸுக்கும் தேய்ந்தபின் கடையில் வாங்கிப் போடுகிற பழைய ரக டயருக்கு. அதாவது நம் ஆட்கள் வாங்குகிற டயருக்கு. அபராதம் எல்லாம் சேர்ந்து 1,788 கோடி ரூபாய். எம்.ஆர்.எப்.புக்கு மட்டும் 622 கோடி. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனதால் உத்தரவு வெளியே வருவதற்கே 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. அதே வருஷம் டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கணக்கில் பிழை இருக்கிறது, மறுபடி பார் என்று ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. கம்பெனிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2011ல் நடந்த கூத்துக்கு 2022 முடிகிற வரையில் முடிவு இல்லை. நம் டிரைவர் சிக்னலைத் தாண்டினால் எத்தனை நிமிஷத்தில் அபராதச் சீட்டு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ரப்பர் விலை ஏறிற்று, அதனால் டயர் விலை ஏறிற்று என்பார்கள். 2011 ஏப்ரலில் ரப்பர் கிலோ 240 ரூபாய் அளவுக்குப் போனது உண்மை. 2016 தொடக்கத்தில் அதே ரப்பர் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் சின்ன ரப்பர் விவசாயிகள் மரத்தில் பால் வெட்டுவதையே நிறுத்தினார்கள், வெட்டுக்கூலிக்குக் கட்டவில்லை. அந்த வருஷம் டயர் பாதி விலைக்குக் கிடைத்தது என்று இங்கே யாராவது சொல்லுங்கள், பார்ப்போம்! ரப்பர் ஏறினால் டயர் ஏறும். ரப்பர் இறங்கினால் டயர் நிற்கும். வரி பாக்கி இருக்கிறதே. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது லாரி டயருக்கு 28 சதவீதம். 2025 செப்டம்பரில்தான் 18 ஆகக் குறைந்தது. எட்டு வருஷம் டயரைச் சொகுசுச் சாமான்களோடு உட்கார வைத்திருந்தார்கள்.

ரப்பரைப் பற்றிப் பேசினால், அதைப் பால் வெட்டி எடுத்த கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டன்லப்பின் டயர் ஓட ஆரம்பித்ததும் உலகத்துக்கே ரப்பர் வெறி பிடித்தது. காங்கோவில் பெல்ஜிய ராஜா லியோபோல்டின் ஆட்கள், ரப்பர் போதாது என்று கறுப்பு மக்களின் கைகளை வெட்டினார்கள். பிறகு மலேயாவில் காடு அழித்துத் தோட்டம் போட்டார்கள். அங்கே பால் வெட்டப் போனது யார்? நம் தமிழ்நாட்டு ஏழைகள். கங்காணி ஆசை காட்டிக் கூட்டிப்போனான். 1938ல் இந்திய சர்க்கார் தடை போடுகிற வரையில் கப்பல் கப்பலாகப் போனார்கள்.

1941ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு என்றார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு என்றார்கள். அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்று இருந்தது. துரையையோ கிராணியையோ வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும் என்பது அது. கவனியுங்கள், தோழர்களே. உலகத்துச் சைக்கிள்களுக்கெல்லாம் டயர் செய்ய ரப்பர் கொடுத்தவன், துரை முன்னால் அந்தச் சைக்கிளில் உட்காரக் கூடாது! சர்க்கார் துப்பாக்கியால் சுட்டது. தொழிலாளர்கள் செத்தார்கள். முன்னின்ற ஆர். எச். நாதனை நாடு கடத்தினார்கள். துரை கடல் தாண்டித்தான் இருந்தான் என்று நினைக்க வேண்டாம். சேரி ஆள் எங்கள் தெருவில் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று சொன்ன ஊர்கள் நம் தென் மாவட்டங்களிலேயே இருந்தன. சைக்கிள் மேல் உட்காருகிற உரிமையும் போராடி வாங்கினதுதான்.

அப்படி வாங்கின சைக்கிளை எப்படிக் காப்பாற்றுவது என்று பார்ப்போம். நம் சீமையில் சைக்கிளுக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். இந்த மரத்தை வெட்டச் சொல்லி 2017ல் மதுரை ஐகோர்ட் உத்தரவு போட்டது. அதே வருஷம் சென்னையில் தடையும் வந்தது. மரம் அசையாமல் நிற்கிறது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற தோழர்களுக்கு அது சோறும் போடுகிறது, ஆகையால் மரத்தை ஒரேயடியாகத் திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் முள் முள்தான். அதன் குணம் என்னவென்றால், குத்தின பிறகு நுனி டயருக்குள்ளே ஒடிந்து தங்கிவிடும். டியூபுக்கு ஒட்டுப் போட்டு மாட்டினால், மறுநாள் அதே இடத்தில் மறுபடி காற்றுப் போகும். கடைக்காரரைத் திட்டுவோம். டயரின் உட்புறம் முழுக்க ஒரு பழைய துணியை வைத்துத் துடைத்து வாருங்கள். எங்கே துணி சிக்குகிறதோ அங்கே முள் இருக்கிறது. விரலால் தடவினால் விரலில் ஏறும்.

டியூபில் இரண்டு கீறல் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அது முள் அல்ல. காற்றுக் குறைவாக வைத்து, பள்ளத்தில் இறங்கி, ரிம் டியூபைக் கடித்திருக்கிறது. டியூபின் உள்வட்டத்தில் ஓட்டை என்றால் கம்பி முனை குத்தியிருக்கிறது, ரிம்முக்குள் போடுகிற நாடா இற்றுப்போயிருக்கும். ஒட்டு எதுவும் இல்லாமல் தினமும் காற்று இறங்கினால் வால்வின் ரப்பர்க் குழாய் காய்ந்திருக்கும். அதை மாற்ற ஆகிற செலவு ஒரு டீக் காசுகூட இல்லை. இதற்காகப் புது டியூப் வாங்கினவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

புது டயர் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எந்தச் சக்கரத்துக்குப் போடுவது? பின்சக்கரம்தான் பாரம் தாங்குகிறது, அதுதான் சீக்கிரம் தேய்கிறது, ஆகவே பின்னுக்கு என்று போட்டுவிடுகிறோம். எங்கள் அபிப்பிராயம் வேறு. புதிதை முன்னுக்குப் போடுங்கள், முன்னால் இருந்ததைப் பின்னுக்கு மாற்றுங்கள். பின் டயர் போனால் சைக்கிள் தள்ளாடும், கால் ஊன்றிவிடலாம். முன் டயர் போனால் முகம் தரையில். புல்லுக்கட்டோ பால் கேனோ பின்னால் கட்டுகிறவர்கள் 28 அங்குல ஒன்றரை டயரைத்தான் பார்த்து வாங்க வேண்டும். மெல்லிய டயர் ஓட்டத்துக்கு நல்லது, சுமைக்கு உதவாது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சர்க்கார் கொடுக்கிற சைக்கிளையும் அப்பா புல்லுக்கட்டு ஏற்றிப் பாழாக்குவதைப் பார்க்கிறோம். அது பிள்ளை ஏறிப் போவதற்குப் போதும், கட்டுச் சுமக்க அல்ல.

மழை பெய்து கரிசல் இளகினால் எந்த டயரும் உதவாது என்பது உங்களுக்கே தெரியும். மண் அப்பி மட்கார்டில் இறுகிக்கொண்டால் சைக்கிள் மனிதன் மேல் ஏறிக்கொள்ளும். வண்டிப் பாதையிலும் அப்படித்தான். ஆனாலும் இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டியைவிட டயர் வண்டியில் மாட்டுக்கு இழுவை குறைவு. அதற்காகக் கூடுதல் மூட்டை ஏற்றி அந்தச் சுகத்தையும் மாட்டிடமிருந்து பறித்துவிடுகிறோம். முதலாளி நமக்குச் செய்வதை நாம் மாட்டுக்குச் செய்யக் கூடாது.

வெயிலைப் பற்றி ஒன்று. பட்டாசுத் தொழிற்சாலைக்குள் வண்டி கூடாது என்பது சரியான விதி. ஆனால் வாசலுக்கு வெளியே வெட்டவெளியில் நாள் முழுதும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் காய்கின்றன. ஒட்டு இளகுகிறது, டயர் வெடிப்பு விடுகிறது. சில மில்களிலும் அதே நிலைமைதான். ஒரு தகரக் கொட்டகை போட்டால் போதும். இது சின்னக் கோரிக்கை என்று எண்ணி யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுதிக் கொடுங்கள். வேனில் வருகிற பெண் தொழிலாளர்களும் ஏறுவதற்கு முன் நாலு டயரையும் ஒரு சுற்றுப் பாருங்கள். மொட்டை டயர் என்றால், இருபது பேரும் சேர்ந்து ஏற மாட்டோம் என்று நின்றால் மறுநாள் டயர் வந்துவிடும். ஒருத்தி மட்டும் சொன்னால் அவளை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

இரண்டு சீட்டு வந்திருக்கிறது. ஒரு தோழர், நைட்ரஜன் காற்று அடித்தால் நல்லதா என்று கேட்டிருக்கிறார். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மீதிக்காகத் தனியாகக் காசு கொடுப்பதைவிட, சாதாரணக் காற்றை வாரா வாரம் அளவு பார்த்து அடியுங்கள்.

இன்னொரு சீட்டு ஒரு டிரைவர் தோழர் எழுதியது. டயர் வெடித்ததற்கு முதலாளி சம்பளத்தில் பிடிக்கிறார், பிடிக்கலாமா என்று கேட்கிறார். 1936ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலும் சரி, 2019ம் வருஷத்து ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் சரி, நஷ்டத்துக்காகப் பிடிக்க வேண்டுமானால் அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்தது என்று இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவர் சமாதானம் சொல்ல அவகாசமும் கொடுக்க வேண்டும். ஆகவே வாயால் சண்டை போடாமல் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். வெடித்த டயரைக் கடையில் போட விடாதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள். காகிதத்தில் டயரின் அந்த நாலு இலக்கத்தையும், எத்தனை டன் ஏற்றியிருந்தார்கள் என்பதையும், எடை மேடைச் சீட்டின் நம்பரையும் தேதியோடு எழுதி, ஒரு நகலைச் சங்கத்தில் கொடுத்துவிடுங்கள்.